"ஒரு எடத்துல நில்லுடா": வட சென்னை வீடுகளில் அப்பாவும் மகனும் எதற்காகச் சண்டை போடுகிறார்கள்?

[திரையில்: கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். மூடிய கேட்டின் இரு பக்கமும் பைக்குகள், ஷேர் ஆட்டோக்கள்.]

வணக்கம். வட சென்னையில் அப்பாவும் மகனும் சாப்பாட்டு நேரத்தில் போடும் சண்டையைக் கேட்டால், இரண்டு வரி எப்படியும் காதில் விழும். "ஒரு எடத்துல ஒழுங்கா நிக்க மாட்டியாடா? ஆறு மாசத்துக்கு ஒரு கம்பெனியா?" அதற்குப் பதில்: "நீ நின்னு இன்னா சேத்துட்ட நைனா?"

இந்த வீடியோ அந்த இரண்டு வரிகளைப் பற்றியது. தலைமுறைச் சண்டை என்றாலே செல்போன், தலைமுடி, காதல் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் எந்த ஊரில்தான் இல்லை? இந்தப் பக்கத்துச் சண்டைக்கு ஆலைச் சங்கு ஊதிய ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் சட்டமும் இருக்கிறது.

[திரையில்: வட சென்னை வரைபடம். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் புள்ளியிடப்படுகின்றன.]

வரைபடத்தைப் பாருங்கள். பெரம்பூர் பக்கம் ரயில்வே பணிமனைகள், 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை. புளியந்தோப்பை ஒட்டிப் பின்னி குழுமத்தின் பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் ஆலை. திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், டயர், தீப்பெட்டி. எண்ணூரில் லாரி. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு. கிழக்கே ஹார்பர். சில மைல்களுக்குள் இவ்வளவும் இருந்ததால், இங்கே ஒரு வீட்டின் அன்றாடமே ஷிப்டை வைத்துத்தான் நடந்தது. சங்கு ஊதினால் மணி பார்க்கத் தேவையில்லை.

இப்போது கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான். அப்பா 1976-ல் திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தற்காலிகமாகச் சேர்ந்தார், 2012-ல் ஓய்வு பெற்றார். கடைசி மகன் டிப்ளமோ முடித்தவன். கிடங்கு, உதிரிபாகக் கம்பெனி, உணவு டெலிவரி, மறுபடியும் கிடங்கு என்று போய்க்கொண்டிருக்கிறான்.

அப்பாவின் பார்வையில் பையனுக்குப் பொறுமை போதவில்லை. அவருடைய வாழ்க்கையில் பொறுமைக்குக் கூலி கிடைத்தது, அதனால் அப்படித்தான் தோன்றும். 1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக வேண்டும் என்பது அதன் சாரம். பர்மனென்ட் ஆவது முதலாளியின் மனசைப் பொறுத்த விஷயமாக மட்டும் இருந்தது போய், நாள் கணக்காக மாறியது. சுணங்காமல் வேலைக்குப் போனால் நாள் சேரும். நாள் சேர்ந்தால் பி.எஃப்., அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, குறைந்தது 8.33 சதவீதம் போனஸ், கேன்டீன் சாப்பாடு, கூட்டுறவு சொசைட்டியில் கடன், அந்தக் கடனில் இரண்டு அறை ஓட்டுவீடு. ஆயுத பூஜை அன்று குடும்பத்தோடு உள்ளே கூட்டிப்போய், சந்தனம் குங்குமம் வைத்த மெஷினைக் காட்டி "இதான் என்னோடது" என்று சொல்லலாம். கையில் பொரிப் பொட்டலத்தோடு நின்று அதைப் பார்த்த பிள்ளைகள் இன்றைக்கும் இந்த ஏரியாவில் நிறையப் பேர்.

[திரையில்: நாட்காட்டித் தாள்கள். 480-ஐ நெருங்கும்போது எண் மறுபடி 1-க்குத் திரும்புகிறது.]

மகனுக்கும் அதே 480 உண்டு. சட்டம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் பல இடங்களில் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே ஆளை நிறுத்துகிறார்கள். நாள் கிட்டே வரும்போது "ஒரு மாசம் ரெஸ்ட் எடு தம்பி" என்பார் மேஸ்திரி. அப்புறம் வேறொரு கான்ட்ராக்டர் பேரில் அதே கேட்டுக்குள் அதே பையன் போவான். அடையாள அட்டை மட்டும் புதுசு. சில இடங்களில் எடுக்கும்போதே பயிற்சியாளர் என்றுதான் எடுக்கிறார்கள். பயிற்சி முடிந்தால் சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் எதற்காக நிற்க வேண்டும்? பக்கத்துக் கிடங்கில் மாதம் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் போவதுதான் புத்திசாலித்தனம். அப்பா சோம்பேறித்தனம் என்று நினைப்பது, என் பார்வையில், அந்தப் பையன் போட்ட சரியான கணக்கு. பொறுமையைப் பற்றி எவ்வளவு அறிவுரை சொன்னாலும் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

சரி, அப்பா சும்மா இருந்தால்தானே. "கவர்மென்ட்டு பரீட்ச எழுதுடா" என்பார். எழுதுகிறார்கள். ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் இல்லாத தெரு இங்கே கிடையாது. அதைப் பேசினால் வீடியோ நீளும்.

மகனின் வரிக்கு வருவோம். "நீ நின்னு இன்னா சேத்துட்ட?" கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கிவிடும், ஏனென்றால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தனியார் தொழிலாளிகளுக்கான பி.எஃப். பென்ஷன் திட்டம் 1995-ல் தொடங்கியது. பென்ஷன் கணக்கிட ஒரு சம்பள உச்சவரம்பு உண்டு. 2001-லிருந்து 2014 வரை அது 6,500 ரூபாய். அந்த வரம்பை, 1995-க்குப் பிந்தைய பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 2012-ல் ஓய்வு பெற்றவர் கடைசியில் இருபத்தைந்தாயிரம் சம்பளம் வாங்கியிருந்தாலும், வரம்புப்படி பணம் கட்டியவர் என்றால் பென்ஷன் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்றுதான் வரும். 2014-ல் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இன்றைய சிலிண்டர் விலையை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆக, பையன் வளர்ந்த வீட்டில் இரண்டு காட்சியும் ஓடின. சின்ன வயதில் போனஸ் வந்த தீபாவளி. பெரியவனானதும், முப்பத்தாறு வருஷம் உழைத்த மனிதர் மாத்திரை வாங்க மருமகளிடம் காசு கேட்கும் சங்கடம். அவன் நினைவில் நிற்பது இரண்டாவதுதான். அப்பா சொல்லிக்கொண்டிருப்பது முதலாவதை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு படம் பார்த்தால் பேச்சு எப்படி ஒட்டும்?

[திரையில்: பழைய சம்பளக் கவர். பக்கத்தில் ஒரு செல்போன், ஆப்பில் வாரக் கணக்கு.]

இன்னொரு சண்டை உண்டு, சில்லறைச் சண்டை போலத் தெரியும். "சம்பளம் எவ்ளோடா?" "வரும் நைனா, பாத்துக்கலாம்."

அப்பா காலத்தில் சம்பளம் கவரில் வந்தது. ஏழாம் தேதிக்குள்ளோ பத்தாம் தேதிக்குள்ளோ தர வேண்டும் என்று 1936-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. மளிகைக் கடை நோட்டு, சீட்டுக் காசு, ஸ்கூல் பீஸ் எல்லாம் அந்தத் தேதியைச் சுற்றித்தான். கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பது மரியாதை. பாதி வழியில் பிரித்துச் சரக்கு வாங்கியவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியோ, அந்தக் கவரின் மேல் ஒரு எண் எழுதியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அந்த எண் தெரியும்.

டெலிவரி ஓட்டும் பையனிடம் அப்படி ஓர் எண்ணே இல்லை. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு, மழை பெய்தால் கொஞ்சம் அதிகம், இத்தனை ஆர்டரைத் தாண்டினால் ஊக்கத்தொகை. அந்த 'இத்தனை' அடிக்கடி மாறும். வந்த பணத்தில் லிட்டர் நூறு ரூபாய் பெட்ரோல் போக வேண்டும், பைக் தவணை போக வேண்டும், டயர் போக வேண்டும். வாரத்துக்கு வாரம் வேறு தொகை. அவன் மழுப்புவதைப் பார்த்து அப்பா எதையோ மறைக்கிறான் என்று நினைக்கிறார். சொல்லச் சரியான எண் இல்லாததால் மழுப்புகிறான், அவ்வளவுதான். பணம் வருவதும் போவதும் செல்போனுக்குள் நடப்பதால் அம்மாவுக்கும் எதுவும் தெரிவதில்லை. அவன் கேஸ் சிலிண்டருக்கு ஆன்லைனில் கட்டியிருப்பான், வீட்டில் யாருக்கும் அது கணக்கிலேயே வராது. பைக் தவணை மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். வாசலில் நிற்கிறதே.

பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதே சண்டை வேறு மாதிரி. ராயபுரத்திலிருந்து ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பெண் அண்ணனைவிட அதிகம் சம்பாதிப்பாள். அவளிடம் யாரும் "ஒரு எடத்துல நில்லு" என்று சொல்வதில்லை. "எத்தினி மணிக்கு வருவ?" என்றுதான் கேட்பார்கள். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு சில வீடுகளில் அந்தக் கேள்வி கொஞ்சம் தணிந்திருக்கிறது. நைட் ஷிப்டு என்றால் பழைய கதைதான்.

[திரையில்: எண்ணூர் முகத்துவாரம். பின்னணியில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள்.]

வயதுதான் காரணம் என்று நினைப்பவர்களை எண்ணூர்ப் பக்கம் கூட்டிப்போக வேண்டும். கொருக்குப்பேட்டை அப்பா, "கம்பெனி இல்லன்னா நமக்குச் சோறு ஏது?" என்பார். மகன், "நைட்டு மூக்கு எரியுதே, அது தெரியலயா?" என்பான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து, ராத்திரியில் ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்தப் பையனுடைய கோபம் அங்கிருந்து வருகிறது.

ஆனால் கரையோரக் குப்பங்களில் பார்த்தால் கதை தலைகீழ். கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்த பெரியவர்தான் கம்பெனிகளைத் திட்டுகிறார். வலையில் எண்ணெய் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையாவது கிடைக்குமா என்று அலைவது அவர் பேரன். இங்கே கிழவர் போராளி, இளைஞன் 'அனுசரித்துப் போ' கட்சி. யாருக்கு எந்த வேலை சோறு போட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும், பிறந்த வருஷத்தை அல்ல.

[திரையில்: 1918. பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் ஆலையின் பழைய படம்.]

பெரியவர்கள் மேல் இளைஞர்களுக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டிக் கிடந்த தலைமுறை என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர், திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் கூட நின்றவர்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிடப் போதிய நேரம் தராதது. அடுத்த ஆர்டர் வருவதற்குள் பைக்கில் உட்கார்ந்தபடி பார்சல் சோற்றை விழுங்கும் பையனுக்கு இந்தக் குறை விளங்காமல் போகாது.

பெரியவர்கள் சொல்லும் "எங்க காலத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தோம்" என்பதையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. 1921-ல் அதே ஆலையில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் சாதியால் உடைந்தது. தாழ்த்தப்பட்ட தொழிலாளர் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஒற்றுமைக்குள்ளும் விரிசல் இருந்தது. ஆலையை 1996-ல் மூடினார்கள். அந்த நிலத்தில் இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கின்றன. "பின்னி மில்லுன்னா சினிமா ஷூட்டிங் எடுக்கிற இடம்தானே?" என்று கேட்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

[திரையில்: கேரம் போர்டு, தெருவோரம்.]

நடுவில் ஒரு விஷயம். கேரம் ஆடினால் சோறு கிடைக்குமா என்பது இங்கே பெரியவர்களின் நிரந்தர வசனம். புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அவரை ஆட வைத்துப் பழக்கியவர் ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பாதான். எல்லா வீட்டிலும் வசனம் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

[திரையில்: ஒரு வேலை ஆணைக் கடிதம், பெயர்கள் மறைக்கப்பட்டது.]

சரி, இந்தச் சண்டையில் இருவருக்கும் உபயோகமாக ஏதாவது உண்டா? உண்டு. அப்பாவின் தகரப் பெட்டி. அதில் முப்பது வருஷத்துச் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, பி.எஃப். ஆண்டுச் சீட்டு எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு இருக்கும். காகிதத்தை வைத்துத்தான் உரிமை கேட்க முடியும் என்று அந்தத் தலைமுறை அடிபட்டுத் தெரிந்துகொண்டது. பையன் வருகைப் பதிவை ஆப்பில் வைத்திருக்கிறான். வேலையை விட்ட அன்றே ஆப் திறக்காது. மாதாமாதம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார் பேரில் வேலை, 480-க்கு இன்னும் எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் அது நிஜமாகவே கணக்கில் ஏறுகிறதா என்பதை யு.ஏ.என். என்னும் பி.எஃப். உறுப்பினர் எண்ணை வைத்துச் செல்போனிலேயே பார்க்கலாம். இதைப் பையன்தான் அப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டும்.

டெலிவரிக்காரர்களுக்கு: 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஆர்டருக்கு ஆர்டர் கூலி வாங்கும் கிக் தொழிலாளர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2023-ல் அவர்களுக்கென்று தனி நல வாரியமும் அமைத்தார்கள். அதில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

புது வேலையில் சேரும்போது கொடுக்கும் தாளை அப்பாவிடம் ஒரு தடவை காட்டுங்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சம்பள வரியைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைப்பீர்கள். மேலே இருக்கும் கம்பெனி பேரைப் பார்ப்பார். "நீ வேல செய்யிற எடம் மணலியில, இதுல வேற எவனோ கையெழுத்துப் போட்டிருக்கான். உனுக்கு யாருடா மொதலாளி?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். கான்ட்ராக்டர் கூலி தராமல் ஏமாற்றினால், வேலை வாங்கிய கம்பெனியே அதைக் கொடுக்க வேண்டும் என்று 1970-ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் கம்பெனியின் பேர் ஏதாவது ஒரு தாளில், ஒரு கேட் பாஸிலாவது, உங்கள் கையில் இருக்க வேண்டும்.