முரளியைச் சந்தேகித்தார்கள், வார்னை மன்னித்தார்கள்

அனைவருக்கும் வணக்கம்.

சுழற்பந்தில் யார் பெரியவர், ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னா, இலங்கையின் முத்தையா முரளிதரனா என்று கேட்டால் உடனே எண்ணிக்கைக்குப் போய்விடுகிறோம். வார்ன் 145 டெஸ்டில் 708 விக்கெட், முரளி 133 டெஸ்டில் 800. சரி, அது இருக்கட்டும். இந்த இருவரையும் உலகம் பார்த்த பார்வையில் ஓர் அநியாயம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வார்ன் செய்த தவறுகள் கொஞ்சநஞ்சமல்ல. 1994-ல் இலங்கையில் ஒரு சூதாட்டத் தரகரிடம் பணம் வாங்கினார். ஆஸ்திரேலிய வாரியம் அபராதம் விதித்துவிட்டு விஷயத்தை மூடி வைத்தது. 1998-ல்தான் வெளியே வந்தது. 2003 உலகக் கோப்பையின்போது தடை செய்யப்பட்ட மாத்திரை சாப்பிட்டதற்காக ஊருக்குத் திரும்பினார். ஓராண்டு ஆட முடியவில்லை. அப்புறம் திரும்பி வந்தபோது ரசிகர்கள் அவரைக் கொண்டாடத்தான் செய்தார்கள். 1993-ல் ஓல்ட் டிராஃபோர்டில் லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, இங்கிலாந்து மட்டையாளர் மைக் கேட்டிங்கின் ஆஃப் ஸ்டம்பைத் தட்டிய அந்த ஒரு பந்தைப் பார்த்தவர்கள் அவருடைய எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். மனிதர் வேறு, கலை வேறு என்று பிரித்துப் பார்த்தோம்.

முரளிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவர்மேல் ஒழுக்கக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. குற்றம் சொன்னது அவருடைய கையைப் பற்றி, அதாவது கலையைப் பற்றியே. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால், மடக்கிய முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார், அது விதிமீறல் என்று நடுவர் டேரல் ஹேர் அவருக்கு ஏழு முறை நோ பால் கொடுத்தார். 1999-ல் அடிலெய்டில் ராஸ் எமர்சன் மறுபடியும் கொடுத்தார். எதிர்ப்புத் தெரிவித்து இலங்கை கேப்டன் ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிப் போய்விட்டார். 2004-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே முரளி எறிகிறார் என்று சொன்னார். ஒரு நாட்டின் பிரதமர், இன்னொரு நாட்டின் பந்துவீச்சாளரைப் பற்றி! அந்த ஆண்டு ஜூலையில் ஆஸ்திரேலியா போன இலங்கை அணியில் முரளி இல்லை.

பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருக்கு. அதோடு மணிக்கட்டும் தோளும் சுழல்கிற வேகம் சேரும்போது, பார்க்கிற கண்ணுக்கு எறிவது போலத் தெரிகிறது. முழங்கை அசையாதபடி கவசம் மாட்டிக்கொண்டு, கேமரா முன்னால் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ரா பந்து வரை வீசிக் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது, கை சுத்தமானது என்று பெயரெடுத்த வேகப்பந்து வீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நீள்வது தெரிந்தது. அதன் பிறகுதான் முழங்கை 15 டிகிரி வரை நீளலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரம்பு வந்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்கிறவர்கள் இந்த அளவீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இவ்வளவுக்கும் அவர் சிரித்துக்கொண்டே வீசினார். அதனால் சாது என்று ஒரு பெயர். வார்ன் துணிச்சல்காரர், முரளி அப்பாவி என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு இதில் உடன்பாடில்லை. 2010-ல் 792 விக்கெட்டோடு நிற்கும்போது, இலங்கையின் காலி நகரில் இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்டோடு விலகுகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். தேவைப்பட்டது எட்டு விக்கெட். அந்தத் தொடர் முழுவதும் ஆடியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரே ஆட்டத்தில் எட்டையும் எடுத்தார். டெஸ்டில் கடைசியாக வீசிய பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800-ஐத் தொட்டார். வார்னிடம்கூட இவ்வளவு துணிச்சலை நான் பார்த்ததில்லை.