குண்டு உள்ளே போன பிறகு

நேயர்களுக்கு வணக்கம். சாயல்குடி, முந்தல் பக்கம் சீமைக்கருவேலங்காட்டிலிருந்து ராத்திரியில் இறங்கி கடலைக் கொல்லையைக் கிளறிப்போடும் பன்றியைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், டீக்கடையில் யாராவது ஒருத்தர் "பெரிய ரைஃபிளா இருந்தா ஒரே வெடியில தூக்கி எறிஞ்சிரும்ல" என்பார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எறியாது.

ஆப்பிரிக்காவில் காட்டெருமைக்கே போதும் என்று 1912இலிருந்து நம்புகிற தோட்டா 375 ஹாலந்து அண்ட் ஹாலந்து. குண்டு 19 கிராம் சொச்சம், வேகம் வினாடிக்கு 760 மீட்டர் அளவில். அது 90 கிலோ பன்றிக்குள் போய் அப்படியே நின்றுவிட்டால்கூட, கணக்குப் போட்டால் பன்றி நகரும் வேகம் வினாடிக்கு 16 சென்டிமீட்டர்தான். சுட்டவர் தோளில் விழும் உதையும் இதற்குக் குறைந்ததில்லை, தூக்கி எறிவதென்றால் முதலில் அவர்தான் பறந்திருக்கணும்.

அப்புறம் எப்படி விழுகிறது? மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் நின்ற இடத்திலேயே. நெஞ்சிலோ நுரையீரலிலோ பட்டால் ரத்தம் இறங்கி அழுத்தம் போகணும். அதற்குப் பிறகும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் பத்துப் பதினைந்து வினாடி தாங்கும், அதற்குள் விலங்கு நூறு மீட்டர் ஓடிவிடும். ஆக, உள்ளே எவ்வளவு அகலமாக, எவ்வளவு ஆழமாகத் துளை விழுகிறது என்பதுதான் விஷயம். முழுக்கச் செம்பு உறை போட்ட பட்டாளத்துக் குண்டு பல நேரம் ஒல்லியாகத் துளைத்து மறுபக்கம் போய்விடும், விலங்கு எங்கேயோ புதருக்குள் கிடந்து சாகும். கல்கத்தா பக்கம் டம்டம் தொழிற்சாலையில் 1890களில் வெள்ளைக்காரன் உறையின் முனையைத் திறந்துவிட்டு, உள்ளே போய் விரியும் குண்டு செய்தான். 1899இல் போர் விதிகளுக்காக நாடுகள் கூடிய ஹேக் மாநாடு அதைப் போரில் கூடாது என்றது. அதே பிரிட்டனில் இன்றைக்கு மானை ரைஃபிளால் சுட விரியும் குண்டுதான் போடணும் என்று சட்டம்!

விரிவதிலும் வம்பு உண்டு. ஈயமுனைக் குண்டு காளான் மாதிரி ஒன்றரை, இரண்டு மடங்கு அகலமாகும், ஆனால் வேகம் அதிகமாகி எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும். 1946இல் கனடாவில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் சுட்ட மூஸ் என்கிற பெரிய மானுக்கு இதுதான் நடந்தது, சேறு அப்பிய தோளில் குண்டுகள் உடைந்து உள்ளே போகவில்லை. அவர் குண்டுக்குள் நடுவில் ஒரு செம்புத் தடுப்பு வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி கெட்டியாகத் தள்ளிக்கொண்டு போகும். யானைக்கு அதுவும் பத்தாது, மண்டை எலும்பு அவ்வளவு தடிமன், விரியவே விரியாத கெட்டிக் குண்டுதான். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஏழு மில்லிமீட்டர் சின்னத் துப்பாக்கியால் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார், மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்தவர், அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது.

நம்மூரில் இதெல்லாம் படிப்போடு சரி, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம்தான் போகணும்.

ஒன்று விட்டுப்போச்சு, ஈயம். சிதறிய துணுக்குகள் கறியிலும் குடலிலும் தங்கும், அதைத் தின்ற கழுகுகள் அமெரிக்காவில் செத்தன. கலிஃபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயத்தை முழுசாகத் தடுத்துவிட்டது. ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு அப்படி உடையாது, ஆனால் தூரத்தில் வேகம் குறைந்தால் சரியாக விரியாது, அதனால் கிட்டே போய்த்தான் சுடணும். வணக்கம்.