சாவியைப் பிடுங்கிய கை

நடுவர் அவர்களே, இளைஞருக்கும் போலீசுக்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இளைஞரின் அடாவடியா, காவலரின் அணுகுமுறையா என்பது தலைப்பு. அணுகுமுறைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் நம்மை ஏற்காட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். 20 கொண்டை ஊசி வளைவிலும் பையன்கள் பைக்கைச் சாய்த்து ரீல்ஸ் எடுக்கிறார்கள், தலையில் ஹெல்மெட் இல்லை என்றார். சரி, எடுக்கிறான், இல்லையென்று யார் சொன்னது? ஹெல்மெட் போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் இருக்கிறது, போடுங்கள். அந்த ரசீதில் 'டேய்' என்று எங்கேயாவது அச்சடித்திருக்கிறதா?

போன வருஷம் நானும் சித்தப்பா மகனும் மலைக்குப் போனோம், இரண்டு தலையிலும் ஹெல்மெட். ஒரு சோதனைச் சாவடியில் கை காட்டினார்கள், ஓரங்கட்டினோம். வண்டி முழுசாக நிற்பதற்குள் ஒரு கை நீண்டு சாவியை உருவிவிட்டது, அதில் கோத்திருந்த கோட்டை மாரியம்மன் வில்லை தெறித்து ரோட்டில் விழுந்தது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்தார், எல்லாம் சரி. அப்புறமும் 'முடிய வெட்ட மாட்டியாடா?' என்று ஒரு கேள்வி. முடிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று நடுவர்தான் தேடிச் சொல்ல வேண்டும்! எங்களுக்குப் பின்னால் காரில் வந்தவரிடம் அதே காவலர் 'சார், பேப்பர் கொஞ்சம்' என்றார். ஆக, மரியாதையாகப் பேச அவருக்குத் தெரியாமல் இல்லை, ஆள் பார்த்துப் பேசுகிறார்.

மக்களையும் போலீசையும் சேர்க்கத்தான் 1993-இல் ராமநாதபுரத்தில் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்று போலீசுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பைத் தொடங்கினார்கள், நல்ல யோசனைதான். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது அந்த நண்பர்கள் மேலேயே புகார் வந்தது, அரசே தடை போட்டது. பாலம் கட்ட வந்தவர்களும் லத்தியைத்தான் தூக்கினார்கள் என்று புகார் வருகிறதென்றால், அவர்கள் அங்கே யாரைப் பார்த்துப் பழகியிருப்பார்கள்?

போன மாசம் கோரிமேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டியின் செயினை அறுத்துக்கொண்டு ஒருவன் பைக்கில் பறந்துவிட்டான், என் தம்பிக்கு வண்டி நம்பரில் பாதி ஞாபகம் இருந்தது. ஸ்டேஷனில் போய்ச் சொல்லுடா என்றேன்.

'போனா என்னையத்தான் உக்கார வெப்பாங்க, வேண்டாண்ணா.'

இந்த மேடையில் இவ்வளவு பேசுகிற எனக்கே அவனிடம் 'பயப்படாம போடா' என்று சொல்ல வாய் வரவில்லை. எதிரணியில் யாருக்காவது வருகிறதா?