தூரத்தில் வரும்போதே

நேயர்களுக்கு வணக்கம்.

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தாளைச் சத்தம் வராமல் திருப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள். 32 வருடமாக வேப்பமரத்தடியில் நின்று கதை சொன்னவளுக்கு எழுதிவைத்து வாசிப்பது கொஞ்சம் சிரமம்தான். எதிரே பிள்ளைகள் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத்தான் சொல்லப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.

ஓய்வுநாள் பள்ளி என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொல்வோம். இப்போது சண்டே கிளாஸ். 1780-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில், வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுக்க ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் முனைந்தார். அந்த வழக்கம் கடல் கடந்து எங்கள் சபைக் கோவில் வாசல்வரை வந்துவிட்டது. பாட்டு, மனப்பாட வசனம், கதை. பிள்ளைகள் வருவது கதைக்கு, அப்புறம் கடைசியில் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாய்க்கு.

அந்தக் கதைகளைப் பற்றித்தான் எனக்கு ஒரு வருத்தம். கதை முடிந்ததும் நாங்கள் ஒரு வால் சேர்ப்போம். "ஆகையால் பிள்ளைகளே..." என்று ஆரம்பிக்கும் அந்த வால். ஆகையால் பொய் சொல்லக் கூடாது, ஆகையால் அப்பா அம்மா சொல்படி கேட்க வேண்டும். நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் சொன்ன கதை ஒன்று, சேர்த்த வால் வேறொன்று. கதை "நீ எப்படி இருந்தாலும் எனக்கு வேண்டும்" என்கிறது. வால் "ஒழுங்காக இருந்தால்தான் வேண்டும்" என்கிறது. பிள்ளை எதை வீட்டுக்குக் கொண்டுபோகும்? வாலைத்தான்.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். லூக்கா சுவிசேஷம் 15-ஆம் அதிகாரம். இரண்டு மகன்கள், இளையவன் சொத்தைப் பிரித்து வாங்கித் தூரதேசம் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான். கதை எல்லாருக்கும் தெரியும். பெயர் என்ன? எங்கள் சபைகளில் "கெட்ட குமாரன்". கத்தோலிக்க நண்பர்கள் "ஊதாரி மகன்" என்பார்கள். இந்தப் பெயர்மேல் எனக்குத் தீராத கோபம். அதிகாரம் முழுக்கத் தேடிப் பாருங்கள், தகப்பன் வாயிலிருந்து கெட்டவன் என்ற சொல் வரவே இல்லை. அவர் சொல்வது "காணாமற்போனான்" என்று. அதே அதிகாரத்தில் ஆடு காணாமல் போகிறது, வெள்ளிக்காசு காணாமல் போகிறது. கெட்ட ஆடு என்று யாராவது சொல்கிறோமா? கெட்ட காசு என்கிறோமா? காசு பாவம், தான் தொலைந்ததே தெரியாமல் கட்டிலுக்கடியில் கிடக்கும். மனந்திரும்பக்கூட அதற்கு வழியில்லை. ஆனாலும் காசைத் தொலைத்த அம்மாள் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். பையனுக்கு மட்டும் தலைப்பிலேயே பட்டம் கட்டிவிட்டோம்.

அந்தப் பையன் பசியில் பன்றி தின்கிற தவிட்டுக்கு ஆசைப்பட்டான் என்று தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. மூலத்தில் அது ஒரு மரத்தின் காய், நெற்று மாதிரி. மொழிபெயர்த்தவர்கள் தவிடு என்று போட்டார்கள். புண்ணியவான்கள்! மாட்டுத் தொட்டியில் தவிடு கரைத்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லே போதும், மூக்கைச் சுளிப்பார்கள்.

அங்கே உட்கார்ந்து அவன் ஒரு பேச்சைத் தயார் பண்ணுகிறான். "இனிமேல் உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரனல்ல, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." இந்த இடத்தில் ஒரு நாள் ஒரு பையன் கை தூக்கினான். எட்டு வயதிருக்கும். அவன் அப்பா சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பழைய பாத்திரம் எடுப்பவர்.

"டீச்சர், அவன் ஏன் பாத்திரம் இல்லங்கான்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது. பாத்திரன் என்றால் தகுதி உள்ளவன், தனக்குத் தகுதி இல்லை என்று சொல்கிறான் என்று விளக்கினேன். அவன் விடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நசுங்கிப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டானோ டீச்சர்?" என்றான். "நசுங்குனாலும் எடை கொறையாதுல்லா? எங்கப்பா ஓட்டப் பாத்திரத்தையும் எடைக்குத்தான் எடுக்காவ."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, எந்த வேதசாஸ்திரக் கல்லூரியிலும் இல்லை. ஆனால் வாத்தியார் புத்தி விடுமா? "ஆகையால் பிள்ளைகளே" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பிரசங்கம் பண்ணினேன். அந்தப் பையன் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். அன்றைக்குத்தான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பையன் தயார் பண்ணின பேச்சை முழுசாகச் சொல்லவே இல்லை. "பாத்திரன் அல்ல" என்பதுவரை சொல்கிறான். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற பாதி வரவில்லை. அதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பேரம் பேச இடமே கொடுக்கவில்லை! அதற்கும் முன்னால், பையன் ஒரு வார்த்தை பேசும் முன்னால், தூரத்தில் வரும்போதே அவர் கண்டு ஓடிவந்துவிட்டார். ஓடினார் என்று இருக்கிறது, நேயர்களே. நம் ஊரில் வயதான பெரிய மனிதர் தெருவில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு? கிறிஸ்துமஸ் நாடகத்தில் இந்தக் கதையைப் போட்டால் எல்லாப் பையன்களுக்கும் பன்றியாக நடிக்கத்தான் ஆசை. தகப்பனாக ஓட ஒருவனும் வரமாட்டான், வெட்கம். மன்னிப்பு கேட்டபிறகு வந்த அன்பு இல்லை அது, கேட்பதற்கு முன்னாலேயே ஓடிவந்தது. முன்னாலேயே. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்று. டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றியது. அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, ஊருக்கே திரும்பாமல் 1951-இல் டோனாவூரிலேயே மறைந்தவர். தேவதாசிகளாகக் கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், வளர்ந்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். இவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தன் பழுப்புக் கண் நீலக் கண்ணாக மாற வேண்டும் என்று இரவில் ஜெபித்தாராம். காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்பு. பிற்காலத்தில் தோலில் காபிச் சாயம் பூசிச் சேலை கட்டி வெளியே போனபோது, அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கதை முடியும். உலகமெங்கும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை.

நானும் ஆசை ஆசையாய்ச் சொல்வேன். ஒரு தடவை முன்வரிசைப் பெண் கேட்டாள்: "எங்க எல்லாருக்குமே அந்தக் கண்ணுதானே டீச்சர், அதுக்கு எதுக்கு அழணும்?" சரியான கேள்வி. நம் பிள்ளைகளுக்குக் கவலை கண்ணில் இல்லை, நிறத்தில். "கறுப்பா இருக்கா, ஆனா லட்சணமா இருக்கா" என்கிறோமே, அந்த "ஆனா"வில்தான் இருக்கிறது எல்லாம். ஒரு வெள்ளைக்காரி காபியைப் பூசி நம் நிறத்துக்கு வந்த கதையை, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். போதாக்குறைக்கு என் பின்னால் தொங்கும் படத்தில் இயேசுவின் மடியில் இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மஞ்சள் தலைமுடி.

இன்னொன்றும் உறுத்தியது. அந்தக் கண் பின்னால் உபயோகப்பட்டதால் நல்ல கண் என்கிறோம். உபயோகப்படாமலே போயிருந்தால்? இப்போதும் அந்தக் கதையைச் சொல்கிறேன். ஆனால் காலையில் கண்ணாடி முன் நிற்கும் பிள்ளையோடு நிறுத்திவிடுகிறேன். காபிக்குப் போவதில்லை.

தம்பி விரலைக் காட்டுகிறார், மூன்று நிமிடம். சகேயுவைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். குள்ளன், வரி வசூலிப்பவன், காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு நிமிர்ந்து பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அதற்கு அப்புறம்தான் அவன் பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். வரிசையைக் கவனியுங்கள். முதலில் வீட்டுக்கு வருகிறார், பிறகுதான் கணக்குத் தீர்க்கிறான். நான் பல வருடம் தலைகீழாய்ச் சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளும் விடாமல் வந்த பிள்ளைகளுக்கு வருடக் கடைசியில் டிபன் பாக்ஸ் பரிசு என்று ஆரம்பித்துவைத்தவளே நான்தான். ஆடு மேய்க்கப் போனதால் நாலு வாரம் வராத பிள்ளை பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டும். அன்றைக்குச் சொன்ன கதை, நினைவிருக்கிறது, காணாமற்போன ஆடு.

மூத்த மகனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் என்கிறார் தம்பி. சரி. டிபன் பாக்ஸ் வாங்கின பிள்ளைகள் எல்லாரும் அவன் கட்சி. திரும்பி வந்த இளையவனுக்கு உள்ளே விருந்து நடக்கிறது. இத்தனை வருடம் உழைத்தேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று வாசலிலேயே நின்றுவிடுகிறான். தகப்பன் அவனுக்காகவும் வெளியே வருகிறார், வருந்தி அழைக்கிறார். எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்கிறார். அதோடு கதை நின்றுவிடுகிறது. "உள்ள போனானா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதில் எழுதவில்லை என்பேன். "நீங்க சொல்லுங்க" என்பார்கள். முன்பெல்லாம் சொல்லிவிடுவேன். இப்போது மிட்டாய் டப்பாவைத் திறந்து, வந்தவன் வராதவன் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று...

விளக்கு சிவப்பாகிவிட்டது. வணக்கம்.