கை அறிந்ததை வாய் சொல்ல வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். இந்தப் பேச்சை நான் எடுத்தாலே என் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் இன்னும் வானொலியை அணைக்காமல் இருக்கிறீர்கள், நன்றி.

குவில்ட் என்ற பெயரில் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சடுக்கு, கீழே அடித்துணி. இந்த மூன்றும் நழுவாமல் ஊடுருவிப் பிடித்திருக்கும் தையல். அவ்வளவுதான் பொருள். ஆனால் அதைக் கற்றுத்தருவது வேறு வேலை. நன்றாகத் தைக்கிறவர் நன்றாகக் கற்றுத்தருவார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. பல ஆண்டுகள் பழகிய கை யோசிப்பதில்லை. துணியை இடது கையால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம், ஊசியை எந்தக் கோணத்தில் சாய்க்கிறோம் என்பதெல்லாம் வாய்க்கு மறந்துபோய்க் கையில் மட்டும் தங்கிவிடுகிறது. "இப்படித்தான், பாருங்கள்" என்று ஆசிரியர் நாலு தையல் போட்டுக் காட்டுவார். மாணவர் பார்த்தது ஆசிரியரின் புறங்கையை மட்டும்தான்.

எனவே நல்ல ஆசிரியரை அடையாளம் காண நான் ஒன்றை மட்டும் கவனிப்பேன். மாணவர் தவறும்போது இவர் கை எங்கே போகிறது? மாணவரின் துணியைப் பிடுங்கித் தாமே தைத்துக் கொடுத்தால், அன்று போர்வை நிமிர்ந்துவிடும், மாணவர் நிமிர மாட்டார். தம் கையில் தனியாக ஒரு மாதிரித் துணியை வைத்துக்கொண்டு, அதிலே மெதுவாகச் செய்து காட்டி, வாயாலும் சொல்லி, மாணவரையே பிரித்துத் தைக்க வைக்கிறாரா? அவரிடம் கற்கலாம்.

சரி, கால் அங்குலத்துக்கு வருவோம். வராமல் என்னால் இருக்க முடியாது.

துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தைப்பது இந்தக் கலையில் பரவலான வழக்கம். ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். தொடங்குகிறவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? கணக்குப் போடுவோம், காகிதம் வேண்டாம், காதால் கேட்டாலே போதும். பத்துத் துண்டுகளை வரிசையாக இணைக்கிறீர்கள். ஒன்பது மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு துண்டுகளிலிருந்தும் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே போகிறது. மூட்டுக்கு அரைக்கால் அங்குலம். ஒன்பது மூட்டுக்கு ஒன்றே அரைக்கால் அங்குலம். உங்கள் வரிசை அவ்வளவு குட்டை. பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேரவே சேராது. கண்ணுக்குத் தெரியாத வீசம்தான் கடைசியில் ஓர் அங்குலத்தைத் தாண்டி நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை முதல் வகுப்பில் போர்வையைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆளுக்கு மூன்று பட்டைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலம். மூன்றையும் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி வைத்து, நடுப் பட்டையை அளக்கச் சொல்வார். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிக்க வேண்டும், மறுபடி தைக்க வேண்டும். போர்வை தைக்க வந்தவர்களுக்குப் பட்டை தைத்தே வகுப்பு முடிந்தால் எப்படி இருக்கும்? முணுமுணுப்பு எழும். அவர் அசைய மாட்டார்.

ஒருமுறை அந்த வகுப்புக்கு ஒரு தையற்காரர் வந்திருந்தார். ரவிக்கை, சட்டை, பாவாடை எல்லாம் தைத்துத் தேர்ந்த கை. அவருடைய நடுப்பட்டைதான் அந்த வகுப்பிலேயே மிகவும் ஒல்லியாக வந்தது. காரணம் இருக்கிறது. உடை தைப்பவர்கள் பிற்பாடு பிரித்துப் பெரிதாக்க வேண்டுமே என்று உள்ளே தாராளமாகத் துணி விடுவார்கள். அந்தக் கை கால் அங்குலத்துக்கு ஒடுங்க மறுக்கிறது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கா தைக்கத் தெரியாது?" என்றார். ஆசிரியை பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்கள் தையல் இந்த அறையிலேயே நேரானது. இடம்தான் தள்ளியிருக்கிறது" என்றார். பிறகு இயந்திரத்தின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி, துணி இடித்து நிற்கும்படி ஒட்டுநாடாவைச் சில அடுக்காக ஒட்டிக் கொடுத்தார். ஏனென்றால் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் எல்லா இயந்திரத்திலும் ஒரே அகலம் இல்லை. பாதத்தின் ஓரத்தை நம்பித் தைத்தால் ஒருவர் கால் அங்குலம் இன்னொருவர் கால் அங்குலம் ஆகாது. அடுத்த முறை பட்டை சரியாக வந்தது. அதோடு விட்டாரா? துணியை இழுக்காமல் ஊட்டுவது எப்படி என்று மற்றவர்களுக்குக் காட்டும்படி அதே தையற்காரரைக் கேட்டுக்கொண்டார். கோபம் போன இடம் தெரியவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், கால் அங்குலம் என்று சொன்னாலும் ஓர் இழை குறைவாகவே தைக்கச் சொல்வார்கள். மூட்டை மடித்து இஸ்திரி வைக்கும்போது அந்த மடிப்பே ஓர் இழை அகலத்தைத் தின்றுவிடும். அதற்கான ஈடு. இஸ்திரியும் இங்கே தேய்ப்பதற்கல்ல. வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், நகர்த்தி வைக்க வேண்டும். தேய்த்தால் துணி கோணும்.

துணி ஏன் கோணுகிறது? பக்கத்தில் ஒரு கைக்குட்டை இருந்தால் எடுங்கள். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுங்கள். அவ்வளவாக இளகாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நீள்கிறதல்லவா? பாவும் ஊடையும் நேராக இழுத்தால் தாங்கும், சாய்வாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். தையற்காரர்கள் கிராஸ் என்பது இதைத்தான். முக்கோணத் துண்டுகள் ஏன் அடங்குவதில்லை என்று மாணவர் கேட்டால், அனுபவமுள்ள ஆசிரியர் ஒரு கைக்குட்டையைக் கையில் கொடுப்பார்.

துணியைக் கிழித்தால் அது இழையோடு நேராகக் கிழியும். அப்படிக் கிழித்துத் தைத்த ஒரு போர்வையைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிய கறுப்பின மக்களின் ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, கணவர் இறந்த பிறகு, 1942இல் அவருடைய வேலை உடைகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். பதின்பருவத்தில் இருந்த மகள் அர்லோன்சியா கூட உட்கார்ந்து அந்த உடைகளைக் கிழித்துக் கொடுத்தார். மகளும் பின்னாளில் பெயர்பெற்ற போர்வைக் கலைஞரானார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஏறின. வகுப்பு, கட்டணம், பாடத்திட்டம் எதுவும் இல்லாமல், தாய் பக்கத்தில் உட்கார்ந்து கிழித்துக் கிழித்தே வந்த கல்வி அது.

வகுப்பறைகளை மாற்றியது ஒரு சின்னச் சக்கரக் கத்தி. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்தது. அதுவரை அட்டை வைத்து வரைந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். இப்போது பல அடுக்கை ஒரே ஓட்டில் வெட்டலாம். விரலையும் வெட்டலாம். ஆகவே கத்தியைக் கீழே வைக்குமுன் உறையை மூடு என்பது முதல் பாடமாகிவிட்டது.

கால் அங்குலத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், அது இல்லாத மரபுகளும் உண்டு என்று சொல்லாவிட்டால் அநியாயம். கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகிறார்கள். துண்டை ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் அதே ஓட்டுத்தையல்தான். அளவுகோல் கிடையாது. அளவில் ஊறிய ஆசிரியர்கள் இதை ஒருமுறையாவது தைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிவிட்டார்கள். போர்வையின் ஓரத்தைச் சுற்றி மூடும் ஓரப்பட்டை பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். வகுப்புகளிலும் இதே கதிதான். முகப்புக்கே நேரமெல்லாம் போய், ஓரம் கட்டுவதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அதனால்தான் பல அலமாரிகளில் முடியாத முகப்புகள் மடிந்து கிடக்கின்றன. ஆசிரியர்களே, ஓரத்துக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள்.

இன்னும் ஒன்று, அரை நிமிடம். இடது கைப் பழக்கமுள்ள மாணவருக்குக் கைத்தையல் காட்டும்போது பக்கத்தில் உட்காராதீர்கள், எதிரில் உட்காருங்கள். உங்கள் வலது கை செய்வதை அவருடைய இடது கை கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே செய்துவிடும். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.