தொந்தரவே தராதவர்

நேயர்களுக்கு வணக்கம்.

முதியோர் இல்லங்களுக்கு மருத்துவராகப் போய்வருகிறேன். உள்ளே நுழைந்ததும் பணியாளர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: "இங்கே தொந்தரவே தராதவர் யார்?" சிரித்துக்கொண்டே ஒரு கட்டிலைக் காட்டுவார்கள். என் பரிசோதனை அங்கேதான் தொடங்கும்.

கத்துகிறவரைக் கவனிக்க ஆள் இருக்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை "பாவம், சாது" என்று விட்டுவிடுகிறோம். முதுமையில் நுரையீரல் தொற்றோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். ஆள் மந்தமாகிவிடுவார், அவ்வளவுதான். நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை என்றால், வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அந்த மாற்றம் முதலில் தெரிவது எனக்கல்ல, தினமும் குளிப்பாட்டி விடுகிறவருக்கு. முதியவரின் நிலையை மதிப்பிட நாங்கள் நிரப்பும் படிவம் எதையும், அவரைக் கேட்காமல் நிரப்பியிருந்தால் நான் நம்புவதில்லை.

படிவங்களில் பழையவை இரண்டு. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என ஆறு வேலைகளைப் பார்க்கும் காட்ஸ் அளவுகோல் 1963இல் வந்தது. இதே போன்ற அன்றாட வேலைகளுக்கு மொத்தம் 100 புள்ளிகள் வரை தரும் பார்தெல் அளவுகோல் 1965இல் வந்தது. இரண்டும் நல்ல கருவிகள்தாம். ஆனால் அவை பதிவு செய்வது, ஒருவர் நடைமுறையில் என்ன செய்கிறார் என்பதை; அவரால் என்ன செய்ய முடியும் என்பதை அல்ல.

ஒரு பெரியவருக்கு, "உடுத்த முழு உதவி தேவை" என்று எழுதியிருந்தார்கள். சட்டையைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரம் பிடித்தது. கடைசிப் பொத்தான் வரை அவரே போட்டுக்கொண்டார். காலை உணவுக்குள் பத்துப் பேரைத் தயார் செய்ய வேண்டிய பணியாளருக்கு அந்தக் கால் மணி நேரம் எங்கே கிடைக்கும்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தாளில் இருந்த மதிப்பெண் பெரியவருடையது அல்ல, அங்கிருந்த ஆள் பற்றாக்குறையுடையது. இப்படியே ஆறு மாதம் போனால், அந்தப் பொய் உண்மையாகவும் ஆகிவிடும்: பயன்படுத்தாத விரல்கள் மறந்துவிடும்.

எடையை மாதந்தோறும் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை. 50 கிலோ இருந்தவருக்கு அது இரண்டரைக் கிலோதான். காரணம் தேடும்போது முதலில் பல்செட் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மறதிநோய் முற்றியவர் வலியைச் சொல்ல மாட்டார். மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், தடவிக்கொடுத்தால் அடங்குகிறாரா என்பது, இவைதாம் அவருடைய பேச்சு. புரட்டிப் படுக்கவைக்கும்போது பார்த்தால் தெரியும். அசையாமல் கிடக்கும்போது தெரியாது.

மாத்திரைகளும் ஆளைச் சாதுவாக்கும். முதியோருக்கு ஆகாத மருந்துகளைச் சொல்லும் பீர்ஸ் பட்டியல் 1991இல் வந்தபோது, பராமரிப்பு இல்லவாசிகளுக்காகவே தொகுக்கப்பட்டது. தூக்க மாத்திரைகள் அதில் இடம்பெற்றன.

மனநலத்துக்கு, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது. தூக்கம், பசி பற்றி அது கேட்பதில்லை. வயதே அவற்றைக் குறைத்துவிடும் அல்லவா? ஒரு வேண்டுகோள்: அந்தக் கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். முதியவர் தம் வாழ்வுக்குத் தரும் மதிப்பைவிட உறவினர் தரும் மதிப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஓர் அம்மாவின் குறிப்பேட்டில் "எதிலும் ஈடுபாடு இல்லை" என்று இருந்தது. ஏன் அம்மா இந்தப் பக்கமே திரும்பியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது" என்றார். இரு கண்களிலும் புரை. கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அறுவைச் சிகிச்சைக்கும் அனுப்பினோம். அடுத்த முறை நான் போனபோது மின்விசிறி சத்தம் போடுகிறது, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார், யாரும் கண்டுகொள்வதில்லை என்று வரிசையாகப் புகார் சொன்னார். பணியாளர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

வணக்கம்.