ஓசி டவுன் பஸ்ஸும் காசு பஸ்ஸும்

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கமுங்க. இங்கே வருகிற வழியில், நால்ரோட்டில் ஒரு அம்மா தனியார் பஸ்ஸில் காசு கொடுத்து ஏறினார். "அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லையே, ஏனுங்கம்மா?" என்று கேட்டேன். "அது வர இன்னும் முக்கால் மணி ஆகும் சாமி, மாடு கறக்கோணும்" என்றார்.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்த முக்கால் மணியைப் பற்றித்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பூச்சியத்துக்குக் கீழே விலை இறங்க முடியுமா? ஆனாலும் தனியார் வண்டி நிற்கவில்லையே! அதற்கும் கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது. அதனால் சண்டையெல்லாம் டைமுக்குத்தான்: முன்னே போகிற வண்டிக்கு ரெண்டு நிமிஷம் முந்தி ஸ்டாண்டைத் தொட்டுவிட வேண்டும்.

இப்படி விற்கிறவர்கள் போட்டியிடுவதற்குக் கணக்கே உண்டு. எவ்வளவு சரக்கு இறக்குவது என்ற அளவை வைத்துப் போட்டியிடுவார்கள் என்று 1838இல் கூர்னோ கணக்குப் போட்டார். இல்லை, விலையை வைத்துத்தான் என்று 1883இல் பெர்த்ராண் மறுத்தார். இருவருமே பிரெஞ்சுக் கணித அறிஞர்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றான சரக்கை விற்கும் ரெண்டு தனியாருக்கு அளவுப் போட்டிதான் லாபம் என்று 1984இல் சிங், விவெஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் காட்டினார்கள். விலையில் இறங்கினால் அடித்துக்கொண்டு ரெண்டு பேரும் மெலிந்துபோவார்கள்.

எதிரே நிற்பது அரசு நிறுவனம் என்றால் இது தலைகீழாகிவிடுகிறது. அரசு அளவை முடிவு செய்தால், விலை தன் செலவுக்கு இறங்கும்வரை சரக்கை இறக்கிக்கொண்டே போகும். தனியார் சுருங்க வேண்டியதுதான். விலையை முடிவு செய்தாலோ, செலவுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திக்கொள்ளும். தனியார் விலை ஏற்கெனவே செலவுக்கு மேலே இருக்கிறது. தான் இன்னும் இறக்கினால் அங்கே விற்பனை விழும், அது ஊருக்கும் நஷ்டம் என்று அரசு பார்க்கிறது. ஆக, தனியார் பயப்படுவது அரசின் விலைக்கு அல்ல, அளவுக்கு.

ஒரு சங்கடம் இருக்கிறது. விலையைச் சொன்னவர் கேட்கிற அத்தனை பேருக்கும் கொடுப்பார் என்பது அந்தக் கணக்கின் நம்பிக்கை. நம் டவுன் பஸ்ஸில் விலை பூச்சியம், ட்ரிப் மட்டும் இருக்கிற அளவுதான். அந்த இடைவெளியில்தான் தனியார் வண்டி ஓடுகிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்த அம்மா நேரத்துக்கு வீடு சேர்ந்திருப்பார்.

பாலிலும் இதே கதைதான். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. கோடையில் கறவை வற்றினால் தனியார் பால்வண்டி கூடுதலாக ரெண்டு ரூபாய் சொல்லும். மழை பெய்து பால் பெருகினால் சத்தமில்லாமல் இறக்கும். அப்போது சொசைட்டி வாசலில் நிற்கிற விவசாயிக்கு ஆவின் விலை தெரிந்த சங்கதி. எத்தனை கேன் எடுப்பார்கள் என்பதுதான் தெரியாது.

அடுத்த கிராம சபையில் கட்டணத்தைப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம், சாயங்காலம் 6 மணிக்கு மேலே நம்மூருக்கு எத்தனை ட்ரிப் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.